ஃப்ரிட்ஜில் இரண்டு பேனா

“என்ன சம்பந்தி இது?”

பெரியவர் மேஜைமேல் வைத்த அட்டைப் பெட்டிக்குள் பேனா மாதிரி இரண்டு கிடந்தன. ஒன்றுக்கு ஆரஞ்சு மூடி, மற்றதற்குச் சாம்பல் நிற மூடி.

மருந்துக் கடைக்காரர் அவற்றைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. “இன்சுலின்” என்றார்.

“அது எனக்கும் தெரியும். ஃப்ரிட்ஜ்ல காய்கறிக்கு அடியில உங்க பொண்ணு ஒளிச்சு வெச்சிருந்தா. பெட்டி மேல உங்க கடை ஸ்டிக்கர். மறுப்பீங்களா?”

“எதுக்குங்க மறுக்கணும்? என் கடையிலேருந்து வந்ததுதான்.”

சமையலறை வாசலில் மருமகள் நின்றிருந்தாள். காலையில் பெட்டி அகப்பட்டதும் அவள் முகம் வெளுத்துப் போனது. ‘என்னம்மா இது?’ என்று கேட்டதற்கு வாயே திறக்கவில்லை. முப்பது வருடம் நீதிபதியாக இருந்தவருக்கு அந்த மௌனமே போதும். கையோடு அவளுடைய அப்பாவுக்குப் போன் போட்டுவிட்டார். அவளுடைய சூட்கேஸ் இப்போது கூடத்தில் நின்றது.

“ரெண்டு எதுக்கு? அவ்வளவு முத்திப் போச்சா?”

“அப்படியில்லைங்க. ஆரஞ்சு மூடி, சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னாடி போடறது. கால் மணி நேரத்துல வேலையை ஆரம்பிக்கும், மூணு நாலு மணி நேரத்துல ஓய்ஞ்சிடும். இன்னொண்ணை ஒரு தடவை போட்டா நாள் முழுக்க மெதுவா வேலை செய்யும். உடம்புல இன்சுலினே சுரக்காதவங்களுக்கு ரெண்டும் வேணும். ஒண்ணு இருந்தா போதாது.”

“கடைக்கு வந்தவனுக்குச் சொல்ற மாதிரி சொல்றீங்களே! கொஞ்சமாவது உறுத்துதா உங்களுக்கு?”

கடைக்காரர் மகளைப் பார்த்தார். அவள் வேண்டாம் என்பதுபோல் லேசாகத் தலையசைத்தாள்.

அது பெரியவர் கண்ணுக்குத் தப்பவில்லை. “நல்லா ஒத்திகை பார்த்துட்டு வந்த சாட்சிங்க! சரி, எத்தனை வருஷமா இந்தக் கூத்து?”

“காலேஜ் ஹாஸ்டல்ல மயங்கி விழுந்தப்பதான் தெரிஞ்சுதாம். ஒம்பது வருஷம் ஆச்சு.”

“ஆக, கல்யாணத்துக்கு முன்னாடியே! மூடி மறைச்சிருக்கீங்க. இதுக்கு என்ன பேருங்க?”

“பயம்னு பேரு. நீங்க ஒத்துக்க மாட்டீங்கன்னு பயம்.”

“நான் ஏன் ஒத்துக்கணும்? எங்க வம்சத்துல யாருக்கும் இந்த வியாதி கிடையாது. எங்கப்பா தொண்ணூறு வயசு வரைக்கும் ஒரு ஊசி போட்டுக்கிட்டதில்லை. நாளைக்கு ஒரு குழந்தை பொறந்தா அதுக்கு யாரு பதில் சொல்றது? நாலு பேர் கேட்டா நான் எங்கே கொண்டு போய் மூஞ்சியை வெச்சுக்கறது?”

கடைக்காரர் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

“பேச ஒண்ணும் இல்லை. உங்க பொண்ணைக் கூட்டிக்கிட்டுக் கிளம்புங்க. மத்ததை வக்கீல் வெச்சுப் பேசிக்கலாம்.”

“மாப்பிள்ளை வந்துடட்டுமேங்க.”

“அவன் வந்தா பொண்டாட்டி முகத்தைப் பார்த்து இளகிடுவான். அதுக்குள்ள கிளம்புங்கன்னுதான் சொல்றேன்.”

“மாமா, அவர் சாப்பிட வர்ற நேரம். தட்டு மட்டும் எடுத்து வெச்சுட்டு...” என்று மருமகள் இழுத்தாள்.

“இனிமே அந்தக் கவலை உனக்கு வேண்டாம்மா.”

வாசல் கதவு திறந்தது. அலுவலகப் பையோடு உள்ளே வந்த மகன் முதலில் மாமனாரைப் பார்த்தான். அப்புறம் சூட்கேஸை, அப்புறம் மேஜையை. நின்ற இடத்திலேயே நின்றுவிட்டான்.

“வாடா வா! உன் மாமனார் வீட்டு லட்சணத்தை நீயே பாரு. ஒரு வருஷமா நம்ம ரெண்டு பேரையும் முட்டாளாக்கியிருக்காங்க!”

மகன் பையைக் கீழே வைத்தான்.

கடைக்காரர் எழுந்தார். ஆரஞ்சு மூடிப் பேனாவை எடுத்து மருமகன் கையில் வைத்தார்.

“மணி ரெண்டாகப் போகுது மாப்பிள்ளை, முதல்ல ஊசியைப் போட்டுக்கிட்டுச் சாப்பிடுங்க. கல்யாணத்துக்கு முன்னாடி எங்க வீடு தேடி வந்து என்கிட்டயும் பொண்ணுகிட்டயும் சொன்னீங்களே, அதைச் சாப்பிட்ட பிறகு அப்பாகிட்டயும் சொல்லிடுங்க.”