அறுபது நாள்

தன் கணவனின் கணினியை என் முன்னால் தள்ளி வைத்தாள் அவள்.

"யாருகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லலண்ணே. இப்படியா எல்லாத்தையும் மனசுக்குள்ளயே வச்சுக்குவாரு? இதுல ஏதாவது எழுதி வச்சிருக்காரான்னு பாருங்க."

அவன் இதயம் நின்றுபோய் ஒன்பது நாளாகிறது. நான் உட்கார்ந்திருக்கும் இதே நாற்காலியில், வேலை செய்துகொண்டிருந்தபோது. அதன் முதுகில் அவனுடைய ஸ்வெட்டர் இன்னும் தொங்குகிறது.

"அவன் ஒரு கல்லுளிமங்கன்மா," என்றேன்.

எனக்கும் கோபம்தான். பதினோரு வருடம் கூடவே வேலை செய்த என்னிடம்கூட நெஞ்சு சரியில்லை என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லையே.

நாங்கள் இருவரும் சேர்ந்து எழுதியது ஒரு மென்பொருள். ஒரு குழுவில் யாருக்கு என்ன வேலை, எது பாக்கி, எது முடிந்தது என்று அட்டை அட்டையாகக் காட்டும். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், உள்ளே திறந்து பார்க்கலாம், திருத்தவும் செய்யலாம். பள்ளிகள், ஆஸ்பத்திரிகள், கட்டடக் கம்பெனிகள் என்று ஆயிரக்கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். திருத்தத்தான் யாரும் வரவில்லை.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கிறவர்கள் நிறைய வந்தார்கள். பொத்தான் ஏன் பச்சையாக இல்லை? இன்னுமா சரிசெய்யவில்லை, தூங்குகிறீர்களா? இப்படிக் குறை சொல்லியே தினமும் நூறு அட்டை.

புதிய பகுதிகளை எழுதுவது என் வேலை. வந்து குவியும் அட்டைகளுக்குப் பதில் சொல்வது அவன் வேலை. தொல்லை பொறுக்காமல் நான்தான் இரண்டு விதிகள் போட்டேன். எதுவானாலும் அட்டையில் எழுத வேண்டும், போனில் சொன்னால் செல்லாது. அறுபது நாள் யாரும் தொடாத அட்டையை, மென்பொருளுக்குள்ளேயே இருக்கும் தானியங்கி ரோபோ மூடிவிடும்.

எனக்கு வரும் அறிவிப்புகளையும் நிறுத்திவிட்டேன். நிம்மதியாக இருந்தது.

இப்போது என் கணக்கில் நுழைந்து, அவன் கடைசியாக எழுதிய அட்டையைத் தேடினேன். மூடப்பட்டவற்றில் கிடந்தது. தலைப்பு, 'இரண்டு மாத ஓய்வு'.

'மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. வேலையை நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரியில் வந்து படுக்கச் சொல்கிறார் டாக்டர். என் அட்டைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தால் போய்விடுவேன். வீட்டில் சொல்லவில்லை, பயந்துவிடுவாள். ஒரு பதில் போதும்.'

கீழே அறுபது நாளைக்கு ஒன்றுமில்லை.

அப்புறம் ரோபோ எழுதியிருந்தது. 'எந்த அசைவும் இல்லாததால் இந்த அட்டை மூடப்படுகிறது. உங்கள் பங்களிப்புக்கு நன்றி.'

அதற்கும் கீழே அவன் எழுதியிருந்தது ஒரே சொல். 'சரி.'

எழுதியது ரோபோ என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். ரோபோவுக்குப் பதில் எழுதுகிற ஆள் இல்லை அவன்.

தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள் அவள்.

"வேலை விஷயம்தாம்மா. வேற ஒண்ணுமில்ல."

தலையை ஆட்டினாள். பாவம், என்னை நம்பினாள்.

தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற வேலை என்று தெரியும். ஆனாலும் வேறு எதுவும் செய்யத் தோன்றாமல், 'மீண்டும் திற' என்பதை அழுத்தினேன்.

அலமாரியில் அவன் போன் ஒலித்தது. இத்தனை நாளும் அதை அணையவிடாமல் சார்ஜ் போட்டு வைத்திருக்கிறாள்.

ஓடிப் போய் எடுத்தாள். எழுத்துக் கூட்டுகிற மாதிரி மெதுவாக, வாய்விட்டுப் படித்தாள்.

"இரண்டு மாத ஓய்வு... உங்கள் அட்டை மீண்டும் திறக்கப்பட்டது. அட்டை யாருக்கு அனுப்பப்பட்டது..."

நிறுத்திவிட்டு, போனிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தாள்.

"அண்ணே, இது உங்க பேருதானே?"