சுருதி சேர்ந்தபோது

மட்டாஞ்சேரி வீட்டின் மாடியறையில் மழை வெளிச்சம் மங்கலாக விழுகிறது. பழைய பேஸ் கிடாரைப் பாயில் கிடத்தி, ஜெசீலா அதன் கழுத்துத் திருகை மெல்லத் திருப்புகிறாள். புதுக்கம்பியைத் தட்டுகிறாள். கரகரப்பு போய், அடிவயிற்றில் இறங்கும் கனத்த நாதம் எழுகிறது. "கேட்டியா முபீன்?" கலூரில் இதைத் தேடிப் பிடித்து அவளை வாங்கவைத்த, அவளுடைய இசைக்குழுவின் பாடகன், வாசலிலேயே நிற்கிறான். அவனுக்கு வைத்த சாயா ஆறுகிறது. "சனிக்கிழமை கச்சேரியில வேற ஆளு பேஸ் வாசிக்கிறான், ஜெசீ. இனிமே அவன்தான்." "யாரு முடிவு பண்ணினது?" "நான்தான்." "எப்போ?" அவன் தன் ஈரச் செருப்பைப் பார்க்கிறான். "நீ இத வாங்குறதுக்கு முன்னாடியே." அவள் கடைசிக் கம்பியை முறுக்குகிறாள். சுருதி சேர்ந்துவிடுகிறது. அது அவனுக்குக் கேட்கக் கூடாதென்று கம்பிகளின்மேல் உள்ளங்கையை அழுத்திப் பிடிக்கிறாள்.