பெரிய டிஷ்

மழை வந்தால் டிவியில் படம் போய்விடும், பெரிய டிஷ்ஷே வாங்கலாம் என்று மனைவி தலைபாடாக அடித்துக்கொண்டாள். அவன் வீம்புக்குச் சின்னதை வாங்கினான். ஒவ்வொரு மழைக்கும் சண்டை.

அவள் செத்த பிறகு, பெரியதை வாங்கப் போனபோதும் ஆத்திரம் அடங்கவில்லை. நினைத்ததைச் சாதித்துவிட்டாள்.

"எல்.என்.பி.யும் புதுசா போடுங்க," என்றார் கடைக்காரர். "டிஷ் எவ்வளவு பெருசா இருந்தாலும் முன்னாடி இது இல்லேன்னா ஒண்ணும் வராது. மாட்ட ஆள் அனுப்பவா?"

"ஏன், எனக்குக் கை இல்லையா?" என்று எரிந்து விழுந்தான்.

மொட்டைமாடியில் பழையதை எல்.என்.பி.யோடு கழற்றி எறிந்துவிட்டுப் பெரியதை நிறுத்தினான். டிவி முன்னால் நின்று படம் வந்ததா என்று சொல்ல ஆளில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. போனமுறை அவள் நின்றாள். எரிச்சலில் கத்தினான்.

"வந்துச்சா?"

"இல்ல," என்றது கீழேயிருந்து அவள் குரல். "இன்னும் இடது பக்கம். மெதுவாங்க, டிஷ் என்ன பாவம் பண்ணுச்சு?"

திருப்பினான்.

"போதும், கைய எடுங்க. அப்பவே சொன்னேன்ல?"

"ஆமாடி, நீ சொன்னதுதான் சரி! சந்தோஷமா?"



அவன் இறங்கி வருவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. வீட்டில் யாருமில்லை. படம் கண்ணாடி மாதிரித் தெரிந்தது. டிவி பக்கத்தில், ஒட்டிய டேப் பிரிக்காமல், புது எல்.என்.பி. பெட்டி இருந்தது.