கணக்கு வாத்தியாருக்கு ஒரு பெட்டிசம்

“நல்லா இறுக்கி எழுதினனீங்களோ அக்கா? உவரைச் சும்மா விடக்கூடாது.”

ஜெயரூபன் ஈரக் கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு, கல்விக் கந்தோருக்கு ஊரார் கையெழுத்தோடு போகவிருந்த பெட்டிசத்தை வாங்கினான். கவிழ்த்துப் போட்டிருந்த வள்ளத்தின் மேல் வைத்து வாசித்தான். பாதியில் நெற்றியைச் சுருக்கி அருந்ததியை ஒரு மாதிரிப் பார்த்தான். கடைசி வரிக்கு வந்ததும் இருமல் வருமளவுக்குச் சிரித்துவிட்டுக் கையெழுத்தை வைத்தான்.

“செத்தார் மனிசன்,” என்றான்.

அருந்ததி சிரிக்கவில்லை. பரீட்சைப் பெறுபேறு வந்த நாளிலிருந்து அவளுக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது. மூத்தவன் கீர்த்திகனுக்கு ஓ.எல்.லில் மற்றப் பாடமெல்லாம் ஏயும் பியும். கணக்கு மட்டும் டபிள்யூ. கணக்கில் தவறினால் உயர்தரம் படிக்க முடியாது. அவனுடைய வகுப்பில் பதினொரு பிள்ளைகள், பதினொருவருக்கும் கணக்கில் அதே டபிள்யூதான்.

ஒரு பிள்ளை தவறினால் பிள்ளையில் பிழை சொல்லலாம். பதினொன்றும் தவறினால் ஆரில் பிழை? கணக்குப் படிப்பிக்க வந்த கோகுலன் சேர் கிழமைக்கு மூன்று நாள்தான் பள்ளிக்கூடம் வருவார். வருகிற நாளிலும் கதிரையில் சாய்ந்து போனை நோண்டிவிட்டு, பருத்தித்துறைக்குப் போகும் ஒரு மணி பஸ்ஸுக்கு ஓடிவிடுவார்.

பருத்தித்துறை ரவுணில் அவருடைய ரியூசன் வகுப்பில் முந்நூறு பிள்ளைகள். அங்கே சனி, ஞாயிறு தொண்டை கிழியப் படிப்பிப்பாராம். அந்தப் பிள்ளைகளுக்கெல்லாம் கணக்கில் வரிசையாக ஏ.

பெறுபேறு வந்த அன்று அருந்ததி அவரிடமே போய்க் கேட்டாள்.

“கடலுக்குப் போற பெடியளுக்கு அட்சரகணிதம் எதுக்கம்மா? வலை இழுக்கத் தெரிஞ்சாக் காணும்தானே,” என்றார் அவர்.

பக்கத்தில் கீர்த்திகன் நின்றான். அவன் தலை குனிந்ததைக் கண்ட அந்தக் கணத்திலேயே, இந்த மனிதரைப் பழிவாங்காமல் விடுவதில்லை என்று அருந்ததி முடிவெடுத்தாள். கோயிலடியில் மண்ணள்ளித் தூற்றலாம்தான். கடற்கரைக் காற்றில் தூற்றினால் தூற்றியவள் கண்ணில்தான் விழும். அதோடு இளையவள் நிவேதனா அடுத்த வருடம் அதே பரீட்சை எழுத வேண்டும்.

இரண்டு நாள் யோசித்துவிட்டுக் கீர்த்திகனைக் கொப்பியும் பேனையுமாக இருத்தினாள். அவள் சொல்லச் சொல்ல எழுதியவன் நடுவில் பேனையை நிறுத்தினான்.

“அம்மா, உண்மையாத்தான் சொல்லுறியளோ?”

“நான் சொல்லுறதை எழுது ராசா.”

ஊரில் பெட்டிசம் ஓடுகிற கதை சேரின் காதுக்கு எட்டாமல் போகுமா? அடுத்த நாளே பஸ்ஸுக்கு நின்றவர், அருந்ததியைக் கண்டதும் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

“பெட்டிசம் போடுறியளாம்? போடுங்கோ, போடுங்கோ. விஞ்ஞான ரீச்சருக்கும் உப்பிடித்தானே போட்டனீங்கள்? இப்ப அவ மாற்றம் கிடைச்சு ரவுணிலை, வீட்டிலையிருந்து நடந்துபோய்ப் படிப்பிக்கிறா.”

“ஓம் சேர், தெரியும்,” என்றாள் அருந்ததி.

அன்று பின்னேரமே பெட்டிசத்தைப் பதிவுத் தபாலில் கல்விக் கந்தோருக்கு அனுப்பினாள்.

மூன்றாம் கிழமை கல்விப் பணிப்பாளர் செபநாயகமே நேரில் வந்து இறங்கினார். பெற்றார் கூட்டத்துக்கு மண்டபம் நிரம்பி வாசலிலும் சனம் நின்றது. கோகுலன் சேர் அயன் பண்ணிய சேட்டோடு முன்வரிசையில் இருந்தார். அலுமாரியில் கிடந்த தன் சாமான்களை முதல் நாளே பையில் கட்டி வைத்துவிட்டாராம். ரவுணில் இனி வார நாளிலும் வகுப்பு நடக்கும் என்று நோட்டீஸ்கூட ஒட்டியாகிவிட்டது; மீன் கொண்டுபோன ஜெயரூபன் சுவரில் பார்த்துவிட்டு வந்து சொன்னான். நல்லாய் ஒட்டட்டும் என்று அருந்ததி நினைத்துக்கொண்டாள்.

பணிப்பாளர் பெட்டிசத்தைத் தூக்கிக் காட்டினார்.

“என்ரை இருபத்தாறு வருச சேவையிலை இப்பிடியொரு பெட்டிசம் நான் காணேல்லை. எழுபத்திரண்டு பேர் கையெழுத்து வைச்சிருக்கிறியள். இதிலை எழுதியிருக்கிறதெல்லாம் நடக்குதோ எண்டு இனி வெள்ளிக்கு வெள்ளி நானே வந்து பாப்பன்.”

கோகுலன் சேர் சிரிப்பை மறைக்கத் தலையைக் குனிந்துகொண்டார்.

“ஒரு ஊரே சேர்ந்து கேக்கேக்கை நான் மாட்டன் எண்டு சொல்லேலாது. இந்தாங்கோ கோகுலன், உங்கடை கடிதம்.”

சேர் எழுந்து போய் இரண்டு கையாலும் வாங்கினார். அங்கேயே பிரித்து வாசித்தார். இரண்டாவது வரியில் சிரிப்பு நின்றது. மூன்றாவது வரியில் முகம் கறுத்து வேர்த்துவிட்டது.

“இன்னும் அஞ்சு வருசம் இந்தப் பள்ளிக்கூடத்திலையோ? ஒவ்வொரு நாளும் பின்னேரம் ஆறு மணி வரைக்கும் இலவச வகுப்போ? உதை ஆர் சொன்னது?”

பணிப்பாளர் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் அவரைப் பார்த்தார். நம்பித்தான் கடிதம் கொடுத்தாரா, எல்லாம் விளங்கித்தான் கொடுத்தாரா என்று அந்தப் பார்வையில் ஒன்றும் தெரியவில்லை.

கோகுலன் சேர் கடிதத்தோடு அருந்ததியின் முன்னால் வந்து நின்றார். கடிதம் அவருடைய பிடியில் கசங்கிப்போயிருந்தது. அந்தக் கசங்கலை அருந்ததி ஆற அமரப் பார்த்தாள். பதினொரு பிள்ளைகளுக்கும் சேர்த்துப் பார்த்தாள். மூன்று கிழமைக்குப் பிறகு அவளுடைய வயிறு குளிர்ந்தது.

“என்னைப் பற்றி அப்பிடி என்னதான் எழுதினனீங்கள்?” என்று கத்தினார் அவர்.

“பின்னேரம் ஆறு மணி வரைக்கும் காசு வாங்காமல் படிப்பிக்கிற உங்களைப்போல தங்கமான சேரை எங்களிட்டையிருந்து பறிச்சுப்போடாதேங்கோ எண்டு எழுதினனாங்கள்.”