ஓடாத என்ஜின்

அவர் ஹார்டுவேர் கடையிலிருந்து திரும்பியபோது, மகன் பட்டறை அறையை டேப் வைத்து அளந்துகொண்டிருந்தான்.

ட்ரெட்மில் வாங்கப் போகிறானாம். வைக்க இடம் வேண்டுமாம்.

“ஓடவே ஓடாத என்ஜினுக்கு எதுக்குப்பா தனி ரூம்?”

எவ்வளவு ஓடினாலும் நின்ற இடத்திலேயே நிற்க வைக்கிற மெஷினுக்கு மட்டும் எதுக்கு என்று கேட்க அவருக்கு நாக்கு துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டார்.

அந்த அறை விஷயம் அவர் ஓய்வு பெற்றபோதே வீட்டில் பேசி முடித்தது. மேஜைமேல் வைக்கிற மாதிரி சின்னதாய் ஒரு நீராவி என்ஜின் செய்கிறேன் என்றார். அது ஓடுகிற நாள்வரை அறை அவருக்கு. அதற்குப் பிறகு வீட்டுக்கு.

என்ஜின் பாகங்களைக் கடைய லேத் வாங்கினார். லேத்துக்கு ஒரு பிடி செய்தார். பிடியை முடுக்க எந்த ஸ்பேனரும் உள்ளே நுழையவில்லை. ஒன்றின் கழுத்தை அறுத்து, வளைத்து, பற்றவைத்து, புது ஸ்பேனர் செய்தார். பிறகு ஸ்பேனர்களை மாட்ட ஒரு பலகை.

சொந்தக்காரர்கள் போனில் நலம் விசாரிப்பதே “என்ஜின் கிளம்பிடுச்சா?” என்றுதான். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார்.

உண்மையில் அது போன மழைக்காலத்திலேயே கிளம்பிவிட்டது.

வீட்டில் யாருமில்லாத ஒரு மதியம். கொதிகலனுக்கு அடியில் ஸ்பிரிட் விளக்கைக் கொளுத்தினார். சக்கரம் கொஞ்சம் முரண்டு பிடித்தது, பிறகு சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. கண் நிறைந்துவிட்டது அவருக்கு. சொல்லிச் சந்தோஷப்பட ஆளில்லை. சொன்னால் அறை இல்லை.

ஆறவைத்து, துணியில் சுற்றி, அலமாரியின் கீழ்த்தட்டில் டப்பாக்களுக்குப் பின்னால் ஒளித்து வைத்தார். அதற்குப் பிறகு தொடவில்லை.

மகன் நியாயம் கேட்க அம்மாவைக் கூப்பிட்டான். அவள் ஈரக்கையைத் துடைத்தபடி வாசலில் நின்று அறையை ஒரு சுற்றுப் பார்த்தாள்.

“இன்னும் ஓடலையேடா. ஓடட்டும், அப்புறம் பார்க்கலாம்.”

பொய்யே சொல்லத் தெரியாதவள் என்று குடும்பத்தில் பெயர் வாங்கியவள். மகன் டேப்பைச் சுருட்டிக்கொண்டு போனான்.

அவருக்குத்தான் நெஞ்சு உறுத்தியது. இப்படி நம்புகிறவளைப் போய் ஏமாற்றுவதா? அறை போனால் போகட்டும். இன்றே எடுத்துக் காட்டிவிடலாம் என்று குனிந்து, கீழ்த்தட்டுக்குள் கையை விட்டார்.

வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

கொதிகலன் சுட்டது.

துணி தனியாகக் கிடந்தது. சுற்றி வைக்க நேரமில்லாமல் அவசரமாக உள்ளே தள்ளியது போல, என்ஜின் கோணலாக நின்றது. அச்சில் புதிதாய் எண்ணெய். அவர் விடுவதுபோல் வழிய வழிய இல்லை, சொட்டு, அளவாக.

மகன் டேப்போடு வந்து சேரும்வரை, காலையிலிருந்து வீட்டில் அவள் மட்டும்தான் இருந்தாள்.

விரலை ஊதியபடி, டப்பாக்களை மறுபடி முன்னால் நகர்த்தி வைத்தார்.

மறுநாள் வெளியே கிளம்பும்போது, ஸ்பிரிட் பாட்டிலை நிரப்பி, தேடாமல் கைக்குக் கிடைக்கிற மாதிரி முன்னால் வைத்தார். வர நேரமாகும் என்று மட்டும் அவளிடம் சொன்னார்.

“மெதுவாவே வாங்க,” என்றாள்.