ஊற்றைத் தேடிய பெருச்சாளி

கோடையில் குளம் வற்றிச் சின்னக் குட்டையாகிவிட்டது. அதில் ஒரு தாய் விரால் தன் சிவப்புக் குஞ்சுகளைக் காத்துக்கொண்டு கிடந்தது. ஒருநாள் கரைக்கு ஒரு பெருச்சாளி வந்தது.

"எல்லாக் குளங்களின் தாகத்தையும் தீர்க்கப் புது வழி கண்டுபிடித்திருக்கிறேன். அடிக் களிமண்ணைக் கீழிருந்து துளைத்தால் ஊற்று பொங்கும். இதுவரை யாருக்கும் இந்தத் துணிச்சல் வந்ததில்லை" என்றது.

"அந்தக் களிமண்தானே இருக்கிற தண்ணீரைத் தாங்குகிறது?" என்று விரால் தயங்கிக் கேட்டது.

"இப்படிப் பயந்து பயந்துதான் இந்தக் குளம் இந்தக் கதிக்கு வந்தது" என்றது பெருச்சாளி. கரையில் கேட்டுக்கொண்டிருந்த நண்டுகள் சிரித்தன. விராலுக்கு வெட்கமாகிவிட்டது. குஞ்சுகளுக்காவது நல்ல காலம் வரட்டும் என்று அதுவும் சம்மதித்தது.

பெருச்சாளி கரையிலிருந்து வளை தோண்டி, மூன்றாம் நாள் களிமண்ணைத் துளைத்தது. அடியில் ஊற்று இல்லை, வெறும் மணல்தான் இருந்தது. குட்டைத் தண்ணீர் முழுவதும் அதற்குள் இறங்கிப் போயிற்று.

பெருச்சாளி மேலே வந்து உடம்பை உதறிக்கொண்டது. "நல்ல அனுபவம். அடுத்த குளத்தில் இன்னும் ஆழமாகத் தோண்ட வேண்டும்" என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தது.

விராலின் காதில் அது விழவில்லை. அசையாமல் கிடந்த குஞ்சுகளை ஒவ்வொன்றாக ஈரச் சேற்றின் பக்கம் வாயால் தள்ளிக்கொண்டிருந்தது.