இரண்டு வாசல் மரியாதை

"முதல் சீர்த்தட்டு என்னுது. இல்லன்னா நான் கல்யாணத்துக்கே வரல. அவ்வளவுதான் யக்கா."

சொல்லிவிட்டு, வைத்த டீயைத் தொடாமலே எழுந்து போனார் நெல்லையப்பன். மும்பை செம்பூரில் இரண்டு கடை வைத்திருப்பவர். கடை வந்த பிறகுதான் ஆளுக்குத் தலைக்கனம் வந்தது என்று தாராவியில் பேச்சு.

அக்கா விஜயராணிக்குக் கண் கலங்கிவிட்டது. மாதக் கடைசியில் மகள் கலைச்செல்விக்குக் கல்யாணம். தாய்மாமன்கள் இரண்டு பேர். மூத்தவர் பூதத்தான் குத்துக்கல்லாக இருக்கும்போது இளையவர் முதல் தட்டைத் தூக்கினால் ஊர் என்ன பேசும்?

பூதத்தானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். பை தைக்கிற தொழில். வாயைத் திறப்பதே அபூர்வம்.

"அவன் ஆசப்படுதாம்லா. அவனே கொண்டு வரட்டும். எனக்கு ஒண்ணுமில்ல" என்றார். முகம் மட்டும் வாடியிருந்தது.

மருமகள் ஸ்மிதாவுக்குப் பொறுக்கவில்லை. மாட்டுங்காவில் பிராமண வீட்டில் பிறந்தவள், விஜயராணியின் மகன் மாரிக்கண்ணனைக் காதலித்துக் கட்டிக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்தவள். கல்லூரியில் சரித்திரம் நடத்துகிறாள். நியாயம் என்று வந்துவிட்டால் சும்மா இருக்க மாட்டாள்.

"நீங்க ஏன் மாமா விட்டுக்கொடுக்கணும்? காசு வந்துட்டா அண்ணன் தம்பி முறை மாறிடுமா?"

"விடும்மா. கல்யாண வீட்டுல சண்ட ஜகடா எதுக்கு?"

அவர் விட்டாலும் இவள் விடவில்லை. அந்த வாரம் வகுப்பில் அவள் நடத்திக்கொண்டிருந்ததும் இதே சண்டைதான். என்ன, அது ஐரோப்பாவில் முந்நூறு நானூறு வருஷத்துக்கு முன்னால் நடந்தது. ரோமில் போப்பாண்டவரின் கோயிலில் முன்னால் நிற்பது பிரான்ஸ் தூதரா, ஸ்பெயின் தூதரா என்று தகராறு. லண்டனில் எந்த ராஜாவின் தூதர் வண்டி முன்னால் போவது என்று நடுத்தெருவில் வெட்டுக்குத்து. பாவம், குதிரைகள்கூடச் செத்தன. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

வீட்டில் நடந்தால் சிரிப்பு வருமா?

"அத்தை, நம்ம மண்டபத்துக்கு எத்தனை வாசல்?"

"ரெண்டு. எதுக்குக் கேக்க?"

"அது போதும். துருக்கி சுல்தானும் ஐரோப்பா ராஜாக்களும் கார்லோவிட்ஸ்ங்கற ஊர்ல சமாதானம் பேசினா. யார் முதல்ல உள்ள போறதுன்னு அங்கேயும் பிரச்சினை. கூடத்துக்கு நாலு கதவு வெச்சா. எல்லாரும் ஒரே சமயத்துல உள்ள வந்தா. யாருக்கும் குறையில்லை. நாமளும் அப்படியே பண்ணிடலாம்."

விஜயராணிக்குச் சுல்தான் புரியவில்லை. தம்பி வருவான் என்பது மட்டும் புரிந்தது. அது போதாதா?

ஸ்மிதா நெல்லையப்பனுக்குப் போன் போட்டாள்.

"ரெண்டு பேரும் ஒண்ணாவா? ரெண்டும் முதல் தட்டாவா?"

"ஆமா மாமா. ரெண்டும் சமம்."

"அது வேண்டாம்மா. எனக்கு மட்டும் குடு."

"ராஜா மாதிரி அடம் பிடிக்காதீங்கோ மாமா. அத்தை சரியா சாப்பிட்டே நாளாச்சு."

"உங்க இஷ்டம்" என்று வைத்துவிட்டார்.

பெரிய மாமாவிடம் நேரிலேயே போய்ச் சொன்னாள். தையல் மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"அப்ப நானும் முதல் தட்டா?"

"பின்ன? உங்க உரிமை மாமா அது!"

"சரிம்மா. நெறவாச் செஞ்சுருவோம்."

கல்யாணத்தன்று நாதஸ்வரம் முழங்க, கிழக்கு வாசலில் பூதத்தான், மேற்கு வாசலில் நெல்லையப்பன். ஒரே நேரத்தில் காலை எடுத்து வைத்தார்கள். இரண்டு தட்டிலும் தங்கச் செயின் பளபளத்தது. கூட்டமே கை தட்டியது. விஜயராணி இரண்டு பேர் கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"உன் ஐரோப்பா பாஸாயிட்டுது" என்று காதில் சொன்னான் மாரிக்கண்ணன். ஸ்மிதாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

பந்தியில் நெல்லையப்பன் மட்டும் இலையில் சோற்றை அளைந்துகொண்டிருந்தார். இவ்வளவு ஆன பிறகும் மனுஷனுக்கு வீம்பு போகவில்லையே என்று ஸ்மிதா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"என்ன மாமா, முதல் மரியாதை போச்சேன்னு இன்னும் கோபமா?"

"மரியாத யாருக்கும்மா வேணும்?" அவர் குரலைத் தாழ்த்தினார். "எங்க குடும்பத்துல முதல் தட்டுல தங்கச் செயின் வச்சே ஆகணும். ரெண்டாவது தட்டுக்குச் சேலையும் பழமும் போதும். அண்ணனுக்கு ரொம்ப நாளா ஆர்டர் இல்ல. அக்காவுக்கே தெரியாது. நான் எடுத்துத் தாரேன்னு போனேன், கதவச் சாத்திட்டாரு. வெளிய சொன்னா அவரு மானம் போயிரும். அதான் திமிர் புடிச்சவன் மாதிரி முதல் தட்ட நான் கேட்டேன்."

ஸ்மிதா நிமிர்ந்து பார்த்தாள். எதிர் வரிசையில் பூதத்தான் சிரித்த முகமாக எல்லாருக்கும் பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"அப்போ... அவர் வெச்ச செயின்?"

"தையல் மெஷின வித்துட்டாரும்மா."